பலாட்டினேட் காட்டு நடைப்பயணம்

பலாட்டினேட் காட்டு நடைப்பயணம் என்பது ஜெர்மனியின் தென்மேற்கே ரைன்லாந்து-பலாட்டினேட் மாநிலத்தில் அமைந்துள்ள பலாட்டினேட் காட்டிலும், அதன் கிழக்கு அடிவாரத்தில் பரந்துள்ள திராட்சைத் தோட்டங்களிலும் வழிகாட்டியின் துணையுடன் மேற்கொள்ளப்படும் பண்பாட்டு நடைப்பயணம் ஆகும். ஜெர்மன் மொழியில் இக்காடு ஃபேல்சர்வால்ட் எனவும், திராட்சை விளையும் பகுதி ஃபால்ஸ் எனவும் அழைக்கப்படுகின்றன. பயணிகள் சிறு குழுவாகச் சேர்ந்து சுமார் ஒரு வாரம் தங்கி, நாள்தோறும் சில மணி நேரம் நடந்து, கோட்டைகள், பழைய ஊர்கள், மது நிலவறைகள், காட்டு விடுதிகள் ஆகியவற்றைக் காண்பது இதன் பொதுவான வடிவமாகும்.

காடும் திராட்சைத் தோட்டமும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு கிடப்பது இப்பகுதியின் சிறப்பாகும். காலையில் பீச் மரங்களின் நிழலில் புறப்படும் ஒருவர் பிற்பகலில் திராட்சைக் கொடிகளுக்கிடையே நடக்கலாம். எனினும் இங்கு இயற்கை எழிலாகத் தோன்றுபவற்றுள் பெரும்பகுதி மனிதர்களின் உரிமை வழக்குகள், போர்கள், வறுமை, அரசியல் முடிவுகள் ஆகியவற்றால் உருவானதாகும். அவ்வரலாற்றை, இன்பமானதையும் துன்பமானதையும் சேர்த்து, அது நிகழ்ந்த இடத்திலேயே எடுத்துரைப்பதே பண்பாட்டு நடைப்பயணத்தைச் சாதாரண மலைநடையிலிருந்து வேறுபடுத்துகிறது.

புவியியல்

பலாட்டினேட் காடு சுமார் 1,800 சதுர கிலோமீட்டர் பரப்புடையது. இது ஜெர்மனியின் மிகப்பெரிய தொடர்ச்சியான காடுகளுள் ஒன்றாகும். தெற்கே அரசியல் எல்லையைக் கடந்து பிரான்சின் வடக்கு வோஜ் மலைகளாக இது தொடர்கிறது. இங்குள்ள பாறை பெரும்பாலும் சுமார் 25 கோடி ஆண்டுகளுக்கு முன் படிந்த செம்மணற்கல் ஆகும். ரைன் ஆற்றுப் பள்ளத்தாக்கு நிலப்பிளவினால் தாழ்ந்தபோது அதன் மேற்கு விளிம்பு உயர்ந்து நின்றது. ஹார்ட் என அழைக்கப்படும் அவ்விளிம்பே இன்று காட்டையும் திராட்சைத் தோட்டங்களையும் பிரிக்கிறது. காட்டின் உயரமான சிகரமான கால்மிட் (673 மீட்டர்) இவ்விளிம்பிலேயே உள்ளது.

மணற்கல்லின் மென்மையான அடுக்குகள் விரைவாகவும் கடினமான அடுக்குகள் மெதுவாகவும் அரிக்கப்படுவதால் தூண்களையும் மேசைகளையும் ஒத்த பாறைகள் பல இடங்களில் உருவாகியுள்ளன. ஹின்டர்வைடன்தால் என்னும் ஊரருகே உள்ள ‘சாத்தானின் மேசை’ இவற்றுள் புகழ்பெற்றது. மணற்கல் மண் அமிலத்தன்மையும் ஊட்டக்குறைவும் உடையது, உழவுக்கு ஏற்றதன்று. மலைப்பகுதி காடாகவே எஞ்சியதற்கு இது முக்கியக் காரணமாகும். பீச், பைன், ஓக் ஆகியவை இங்கு மிகுதியாக வளரும் மரங்களாகும்.

தட்பவெப்பமும் திராட்சையும்

மேற்கிலிருந்து வரும் மழைமேகங்களைக் காட்டு மலைகள் தடுத்துவிடுவதால் கிழக்கு அடிவாரம் மழைமறைவுப் பகுதியாக விளங்குகிறது. ஆண்டொன்றுக்குச் சுமார் 1,800 மணி நேரம் வெயில் கிடைக்கும் இவ்வடிவாரத்தில் அத்தி, வாதுமை, கஷ்கொட்டை ஆகியவையும் விளைகின்றன. மலையில் பெரும்பாலும் மணற்கல்லே இருக்க, அடிவாரத்தில் சுண்ணாம்புக்கல், காற்றால் படிந்த வண்டல், களிமண், சில இடங்களில் எரிமலைப் பாறையான பசால்ட் என மண்வகை சிறு தொலைவிலேயே மாறுகிறது. அருகருகே உள்ள தோட்டங்களின் மது வெவ்வேறு சுவையுடன் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணமாகக் கூறப்படுகிறது.

ஃபால்ஸ் பகுதியில் 23,000 ஹெக்டேருக்கு மேற்பட்ட நிலத்தில் திராட்சை பயிரிடப்படுகிறது. பரப்பளவில் இது ரைன்ஹெஸன் பகுதிக்கு அடுத்தபடியாக ஜெர்மனியின் இரண்டாவது பெரிய மதுப் பகுதியாகும். ரீஸ்லிங் என்னும் வெள்ளைத் திராட்சை இங்கு முதலிடம் பெறுகிறது. சிவப்பு வகைகளுள் டோர்ன்ஃபெல்டர் பரவலாகப் பயிரிடப்படுகிறது.

வரலாறு

உரோமர் காலம்

இப்பகுதியில் திராட்சை மது வடிக்கும் தொழில் உரோமர் காலத்திலேயே நிலைபெற்றிருந்தது. பாட் டுர்க்ஹைம் நகரருகே உங்ஸ்டைன் என்னும் இடத்தில் உரோமர் காலப் பண்ணை மனையும் திராட்சை பிழியும் கூடமும் 1981 ஆம் ஆண்டு கண்டறியப்பட்டன. அதே நகரின் மேலுள்ள கிரீம்ஹில்டன்ஸ்டூல் என்னும் கற்சுரங்கத்தில் மைன்ஸ் நகரைச் சேர்ந்த 22 ஆவது படைப்பிரிவின் வீரர்கள் கி.பி. 200 ஐ ஒட்டிக் கல்வெட்டி எடுத்தனர். அவர்கள் பாறையில் செதுக்கிய பெயர்களையும் உருவங்களையும் இன்றும் காணலாம்.

ரைன் கரையிலுள்ள ஸ்பையர் நகரருகே ஓர் உரோமக் கல்லறையில் 1867 ஆம் ஆண்டு கண்டெடுக்கப்பட்ட 4 ஆம் நூற்றாண்டுக் கண்ணாடிப் புட்டியில் மது நீர்மமாகவே எஞ்சியுள்ளது. இப்புட்டி அந்நகரின் அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டுள்ளது. உலகில் நீர்ம நிலையில் எஞ்சிய மிகப்பழைய மது என இது நெடுங்காலம் கருதப்பட்டது. ஸ்பெயினின் கார்மோனா நகரில் உரோமக் கல்லறை ஒன்றிலிருந்து கிடைத்த நீர்மம் கி.பி. 1 ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த மது என 2024 இல் ஆய்வாளர்கள் அறிவித்த பின்னர் அந்நிலை மாறியது.

கோட்டைகளும் போர்களும்

இடைக்காலத்தில் செம்மணற்கல் பாறைகளின் உச்சியில் பல கோட்டைகள் கட்டப்பட்டன. அவற்றுள் அன்வைலர் ஊரின் மேலுள்ள டிரிஃபெல்ஸ் முதன்மையானது. புனித உரோமைப் பேரரசின் முடியும் செங்கோலும் 12, 13 ஆம் நூற்றாண்டுகளில் இங்குக் காக்கப்பட்டன. சிலுவைப் போரிலிருந்து திரும்பும் வழியில் ஆஸ்திரியாவில் பிடிபட்ட இங்கிலாந்து அரசர் முதலாம் ரிச்சர்ட் 1193 ஆம் ஆண்டு சில வாரங்கள் இக்கோட்டையில் சிறைவைக்கப்பட்டார். பாணர் ஒருவர் கோட்டை கோட்டையாகப் பாடிச் சென்று அவரைக் கண்டுபிடித்தார் என்பது பிற்காலக் கதையாகும். இன்று காணப்படும் டிரிஃபெல்ஸ் கட்டடத்தின் பெரும்பகுதி இடைக்காலத்தது அன்று. 1938 இல் தேசிய சோசலிச ஆட்சியின்போது தொடங்கப்பட்டு, போருக்குப் பின் 1960 களில் முடிக்கப்பட்ட மறுகட்டுமானம் அது. பழைய கோட்டையின் தோற்றத்தை அவ்வாறே மீட்பதைக் காட்டிலும் பேரரசுப் பெருமையைக் காட்சிப்படுத்துவதே தொடக்கத்தில் நோக்கமாக இருந்தது.

1525 ஆம் ஆண்டின் உழவர் எழுச்சியில் பல மடங்களும் கோட்டைகளும் எரிக்கப்பட்டன. பின்னர் 1689 இல் பிரெஞ்சு அரசர் பதினான்காம் லூயியின் படைகள் ஸ்பையர் உள்ளிட்ட நகரங்களைத் திட்டமிட்டு எரித்தன. நடைப்பயணிகள் காணும் இடிபாடுகள் பலவற்றுக்கு இவ்விரு நிகழ்வுகளே காரணமாகும். போராலும் பஞ்சத்தாலும் வறுமையுற்ற மக்கள் புலம்பெயர்ந்தனர். 1709 ஆம் ஆண்டு மட்டும் ஏறக்குறைய 13,000 பேர் இலண்டனை அடைந்தனர். அவர்களுள் அண்டைப் பகுதிகளைச் சேர்ந்தோரும் இருந்தனர். எனினும் அனைவரும் ‘பலாட்டின்கள்’ என்றே அழைக்கப்பட்டனர். அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் இன்றும் பேசப்படும் ஜெர்மன் வழக்கு பலாட்டினேட் பேச்சு வழக்குடன் நெருங்கிய தொடர்புடையது.

ஹம்பாக் விழா

பிரெஞ்சுப் புரட்சிக்குப் பின் இப்பகுதி 1814 வரை பிரான்சின் ஆட்சியில் இருந்தது. அப்போது திருச்சபைக்கும் பிரபுக்களுக்கும் உரிய நிலங்கள் ஏலத்தில் விற்கப்பட்டன. திராட்சைத் தோட்டங்கள் தனியாரின் கைக்கு வந்தன. பிரெஞ்சுச் சட்டம் தந்த உரிமைகளையும் மக்கள் பழகிக்கொண்டனர். 1816 இல் இப்பகுதி பவேரிய அரசுக்கு உரியதாயிற்று. பவேரிய அரசு வரி விதிப்பதற்காக 1828 இல் தோட்டங்களைத் தரம் பிரித்தபோது, ஃபோர்ஸ்ட் ஊரின் கிர்ஹன்ஷ்டூக் தோட்டம் உயர்ந்த மதிப்பைப் பெற்றது.

மோசமான விளைச்சலும், உயர்ந்த வரியும், அண்டை நாடுகளின் சுங்கத் தடைகளும் திராட்சை உழவர்களை நெருக்கின. பத்திரிகைத் தணிக்கையும் கடுமையாக்கப்பட்டது. இந்நிலையில் 1832 மே 27 அன்று 20,000 முதல் 30,000 வரையிலான மக்கள் நொய்ஸ்டாட் நகரின் சந்தைச் சதுக்கத்திலிருந்து ஹம்பாக் கோட்டை இடிபாடுவரை ஊர்வலமாக நடந்து ஏறினர். அரசியல் கூட்டங்கள் தடை செய்யப்பட்டிருந்ததால் இது ‘விழா’ என்னும் பெயரில் கூட்டப்பட்டது. ஃபிலிப் யாக்கோப் சீபன்ஃபைஃபர், யோகன் கேயார்க் ஆகஸ்ட் விர்ட் ஆகிய இதழாளர்கள் இதன் முன்னணியில் இருந்தனர். பெண்களும் வெளிப்படையாக அழைக்கப்பட்டிருந்தனர். உருசிய ஆட்சிக்கு எதிராக எழுந்து தோற்றுப் புலம்பெயர்ந்த போலந்து நாட்டவரும் பங்கேற்றனர். கறுப்பு, சிவப்பு, பொன் நிறக் கொடிகள் ஏந்தப்பட்டன. இந்நிறங்களே இன்றைய ஜெர்மனியின் தேசியக் கொடியில் உள்ளன.

ஒற்றுமை, பேச்சுரிமை, மக்களாட்சி ஆகியவற்றைக் கோரிய இவ்விழாவின் தலைவர்கள் மீது வழக்குத் தொடரப்பட்டது. நடைப்பயணக் குழுக்கள் இன்று கோட்டைக்கு ஏறிச்செல்வது அந்த ஊர்வலத்தின் திசையிலேயே ஆகும். கோட்டையில் உள்ள அருங்காட்சியகத்தில் அவ்விழாவின் கொடி ஒன்று வைக்கப்பட்டுள்ளது.

காட்டின் பயன்பாடு

காட்டு ஊர்களில் வாழ்ந்தோருக்குக் காடு உல்லாச இடமாக இருக்கவில்லை. விறகு, மேய்ச்சல், கால்நடைகளுக்கு விரிக்க உதிர்ந்த இலை ஆகியவற்றுக்கு அவர்கள் அதனையே நம்பியிருந்தனர். 19 ஆம் நூற்றாண்டில் அரசு காட்டைக் கண்டிப்பான மேலாண்மையின் கீழ்க் கொண்டுவந்தபோது, பழைய வழக்கங்கள் பல ‘காட்டுக் குற்றங்கள்’ ஆயின. விறகு எடுத்ததற்காக ஏழைகள் பெருந்தொகையில் தண்டிக்கப்பட்டனர்.

வெட்டிய மரத்தை நகரங்களுக்குக் கொண்டுசெல்ல ஸ்பையர்பாக் முதலிய ஓடைகளின் கரைகள் கல்லால் கட்டப்பட்டு, நீர் தேக்கித் திறக்கப்பட்டு, மரத்துண்டுகள் மிதக்கவிடப்பட்டன. தொடர்வண்டிப் பாதைகள் வந்தபின் இத்தொழில் மறைந்தது. அக்கல்வாய்க்கால்களும் சிறு தேக்கங்களும் இன்றைய நடைபாதைகளை ஒட்டிக் காணப்படுகின்றன. ‘வோக்’ என உள்ளூரில் அழைக்கப்படும் அமைதியான காட்டுக்குளங்கள் பல இவ்வாறு மனிதரால் உருவானவையே.

நடைச் சங்கங்கள்

தொழிற்சாலைகள் பெருகிய 19 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ரைன் கரை நகரங்களின் மக்கள் ஓய்வு நாட்களில் காட்டை நாடத் தொடங்கினர். பலாட்டினேட் காட்டுச் சங்கம் 1902 ஆம் ஆண்டு, வேதிப்பொருள் தொழிலுக்குப் பெயர்பெற்ற லுட்விக்ஸ்ஹாஃபன் நகரில் தொடங்கப்பட்டது. பாதைகளுக்கு நிறக்குறிகள் இடுதல், நோக்குக் கோபுரங்கள் அமைத்தல், விடுதிகள் கட்டுதல் ஆகியன இதன் பணிகளாயின. 1895 இல் வியன்னாவில் தோன்றிய ‘இயற்கை நண்பர்கள்’ என்னும் தொழிலாளர் அமைப்பும் இக்காட்டில் இல்லங்களை அமைத்தது. தொழிலாளர் இயக்கத்தைச் சார்ந்திருந்ததால் அவ்வமைப்பு ஜெர்மனியில் 1933 இல் தடைசெய்யப்பட்டு, அதன் இல்லங்கள் பறிக்கப்பட்டன. போருக்குப் பின்னர் அது மீண்டும் செயல்படத் தொடங்கியது.

ஜெர்மன் மதுச் சாலை

வடக்கே போகன்ஹைம் முதல் தெற்கே பிரெஞ்சு எல்லையிலுள்ள ஷ்வைகன் வரை சுமார் 85 கிலோமீட்டர் நீளமுடைய ‘ஜெர்மன் மதுச் சாலை’ இப்பகுதியின் அடையாளமாக விளங்குகிறது. இச்சாலை 1935 அக்டோபர் 19 அன்று தேசிய சோசலிசக் கட்சியின் வட்டாரத் தலைவர் யோசெஃப் பியூர்க்கல் என்பவரால் திறந்துவைக்கப்பட்டது. அப்போது மிகுந்த விளைச்சலால் மது விற்காமல் தேங்கியிருந்தது. இப்பகுதியின் மது வணிகத்தில் பெரும்பங்கு வகித்த யூத வணிகர்களை ஆட்சியாளர்களே தொழிலிலிருந்து விரட்டியதும் தேக்கத்துக்கு ஒரு காரணமாகும். பயணிகளை ஈர்த்து மதுவை விற்பதற்கு வகுக்கப்பட்ட வழியே இச்சாலை. ஷ்வைகனில் உள்ள ‘மது வாயில்’ என்னும் பெரிய கல்வளைவு 1936 இல் கட்டப்பட்டது.

பியூர்க்கல் முன்னின்று நடத்திய மற்றொரு செயல் 1940 அக்டோபர் 22 அன்று நிகழ்ந்தது. அன்று பாடன், சார்ஃபால்ஸ் பகுதிகளைச் சேர்ந்த 6,500 க்கும் மேற்பட்ட யூதர்கள் வீடுகளிலிருந்து வெளியேற்றப்பட்டுத் தென்பிரான்சின் கூர்ஸ் முகாமுக்கு அனுப்பப்பட்டனர். பலர் அங்கேயே இறந்தனர். எஞ்சியோருள் பெரும்பாலோர் பின்னர் அவுஷ்விட்ஸ் முதலிய கொலை முகாம்களுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர்.

டைடஸ்ஹைம் நகரில் 1854 இல் கட்டப்பட்ட யூதத் தொழுகைக்கூடம், 1938 நவம்பர் வன்முறைக்கு முன்பே கைமாறிவிட்டதால் அழிவிலிருந்து தப்பியது. அது இன்று பண்பாட்டு நிகழ்ச்சிகளுக்குப் பயன்படுகிறது. நொய்ஸ்டாட்டில் 1933 இல் அரசியல் எதிரிகள் அடைக்கப்பட்ட படைமுகாம் வளாகத்தில் 2013 இல் நினைவிடம் திறக்கப்பட்டது. பூக்கள் நிறைந்த முற்றங்களையும் மது விழாக்களையும் காண வரும் பயணிக்கு இவ்விடங்கள் தாமாகக் கண்ணில் படுவதில்லை. அவற்றைப் பாதையில் சேர்ப்பதும் தவிர்ப்பதும் பயணத்தை வகுப்போரின் தெரிவாகும்.

ஆட்டுக்கிடா வழக்கம்

காட்டுக்கும் திராட்சை ஊர்களுக்கும் உள்ள பழைய உறவை டைடஸ்ஹைமின் ஆட்டுக்கிடா ஏலம் தெளிவாகக் காட்டுகிறது. காட்டுப் பள்ளத்தாக்கில் உள்ள லாம்பிரெக்ட் ஊர் மக்கள், டைடஸ்ஹைமுக்கு உரிய காட்டில் கால்நடைகளை மேய்க்கும் உரிமைக்கு ஈடாக ஆண்டுதோறும் ஓர் ஆட்டுக்கிடாவைக் கொடுக்க வேண்டும் என்பது பழைய ஏற்பாடு. 1404 ஆம் ஆண்டு ஆவணத்திலேயே இக்கடமை குறிப்பிடப்படுகிறது. கிடா நல்ல கொம்பும் ஆண்மையும் உடையதாக இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. இதன் பொருட்டு இரு ஊர்களுக்குமிடையே பூசல்களும் வழக்குகளும் எழுந்துள்ளன.

இன்று மேய்ச்சல் உரிமைக்குப் பொருளாதாரப் பயன் இல்லை. ஆயினும் கடமை தொடர்கிறது. லாம்பிரெக்ட் ஊரில் அண்மையில் மணம்புரிந்த இணையர் கிடாவைக் காட்டுவழியே நடத்திக் கொண்டுவருகின்றனர். பெந்தகொஸ்து பெருவிழாவை அடுத்த செவ்வாய்க்கிழமை மாலை, டைடஸ்ஹைம் நகர மன்றத்தின் படிக்கட்டில் அது ஏலம் விடப்படுகிறது.

நடைப்பயணத்தின் அமைப்பு

வழிகாட்டியுடன் கூடிய நடைப்பயணம் பொதுவாக இரு வகைப்படும். முதல் வகையில் பயணிகள் நொய்ஸ்டாட், டைடஸ்ஹைம் அல்லது அன்வைலர் போன்ற ஓர் ஊரில் தங்கி, நாள்தோறும் வெவ்வேறு திசையில் நடந்து திரும்புவர். இரண்டாம் வகையில் ஊர்விட்டு ஊர் நடந்து செல்வர். அவர்களது பெட்டிகள் வண்டியில் அடுத்த விடுதிக்கு அனுப்பப்படும். நாளொன்றுக்கு 10 முதல் 18 கிலோமீட்டர் வரை நடப்பது வழக்கம். மலைகள் உயரமானவை அல்ல எனினும் ஏற்ற இறக்கங்கள் அடிக்கடி வருவதால் ஓரளவு உடல் உறுதி தேவை.

காட்டியல், நிலவியல், வட்டார வரலாறு, மது வடிக்கும் தொழில் ஆகியவற்றில் பயிற்சி பெற்றோர் வழிகாட்டிகளாக உள்ளனர். ‘பண்பாட்டு–மதுத் தூதுவர்’ என்னும் தகுதியை இதற்கான பயிற்சியை முடித்தோர் பெறுகின்றனர். தனியே நடக்க விரும்புவோருக்குக் குறிகளிடப்பட்ட நெடும்பாதைகள் உள்ளன. சுமார் 170 கிலோமீட்டர் நீளமுடைய ‘ஃபால்ஸ் மதுப்பாதை’ ஹார்ட் விளிம்பை ஒட்டிச் சென்று காட்டையும் தோட்டங்களையும் மாறி மாறிக் கடக்கிறது.

வழக்கமான இடங்கள்

ஒரு வாரப் பயணத்தில் பெரும்பாலும் பின்வரும் இடங்கள் இடம்பெறுகின்றன:

• நொய்ஸ்டாட்: 14 ஆம் நூற்றாண்டில் தொடங்கப்பட்ட இந்நகரின் பெரிய கோவில் 1708 முதல் சுவரால் இரண்டாகப் பிரிக்கப்பட்டு, ஒரு பகுதி சீர்திருத்தத் திருச்சபைக்கும் மறுபகுதி கத்தோலிக்கருக்கும் உரியதாக உள்ளது. ‘எல்வெட்ரிட்ஷ்’ என்னும் கற்பனைப் பறவைகளின் நீரூற்று (1978) இங்குள்ளது. அப்பறவையைப் பிடிக்க வெளியூராரை இரவில் சாக்குடன் காட்டில் நிறுத்திவிட்டு வருவது உள்ளூர் வேடிக்கையாகும்.
• ஹம்பாக் கோட்டையும் கால்மிட் சிகரமும்: அரசியல் வரலாறும் மலைக்காட்சியும் ஒரே நாளில் காணத்தக்கவை.
• டைடஸ்ஹைம், ஃபோர்ஸ்ட், வாகன்ஹைம்: ரீஸ்லிங் மதுவுக்குப் புகழ்பெற்ற ஊர்கள். நிலவறைகளில் மது சுவைத்தல் இங்கு நடைபெறுகிறது.
• பாட் டுர்க்ஹைம்: கி.மு. 500 ஐ ஒட்டிய கெல்டியரின் வட்டக் கல்மதில், உரோமர் கற்சுரங்கம், 11 ஆம் நூற்றாண்டு லிம்பூர்க் மடத்தின் இடிபாடு ஆகியவை ஒரே நடையில் அமைகின்றன. அமெரிக்க எழுத்தாளர் ஜேம்ஸ் ஃபெனிமோர் கூப்பர் 1832 இல் வெளியிட்ட புதினம் இக்கல்மதிலின் பெயரைத் தாங்கியது. 1934 இல் கட்டப்பட்ட 17 இலட்சம் லிட்டர் கொள்ளளவுள்ள பெரும்பீப்பாயில் மது ஒருபோதும் நிரப்பப்படவில்லை. அதனுள் உணவகம் இயங்குகிறது.
• ஏடன்கோபன், ரோட்: பவேரிய அரசர் முதலாம் லுட்விக் கட்டிய கோடை மாளிகை ஏடன்கோபனின் மேலே உள்ளது. ரோட் ஊரில் சுமார் 400 ஆண்டுப் பழமை உடையதாகக் கூறப்படும் திராட்சைத் தோட்டம் ஒன்று உள்ளது.
• அன்வைலர்: டிரிஃபெல்ஸ் உள்ளிட்ட மூன்று கோட்டைக் குன்றுகளைச் சுற்றிய நடை.
• ஷ்வைகன், விஸம்பூர்: மது வாயிலிலிருந்து தோட்டங்களின் வழியே நடந்து எல்லையைக் கடந்து பிரெஞ்சு நகரை அடைதல்.

எல்லை

பயணத்தின் இறுதி நாள் பெரும்பாலும் எல்லையில் முடிகிறது. ஷ்வைகன் ஊர் உழவர்களின் தோட்டங்களில் ஒரு பகுதி பிரெஞ்சு மண்ணில் உள்ளது. அங்கு விளையும் திராட்சையை அவர்கள் ஜெர்மனிக்குக் கொண்டுவந்து ஃபால்ஸ் மதுவாகவே விற்கின்றனர். இதே பகுதியில் உள்ள முண்டாட் காட்டின் ஒரு பகுதியை 1949 இல் பிரான்ஸ் தன் ஆட்சியின் கீழ்க் கொண்டுவந்தது. இரு நாடுகளும் 1984 இல் செய்துகொண்ட உடன்பாட்டைத் தொடர்ந்து 1986 இல் அது மீண்டும் ஜெர்மனியின் ஆட்சிக்கு வந்தது. இரண்டாம் உலகப்போருக்கு முன் ஜெர்மனி அமைத்த மேற்கு அரணின் காங்கிரீட் தடைகள் புதர்களிடையே இன்றும் எஞ்சியுள்ளன. இன்று எல்லையைக் கடப்பது பெரும்பாலான பயணிகளுக்கு ஒரு பலகையைக் கடப்பதாக மட்டுமே உள்ளது. எல்லை கடக்கும் பயணிகள் தொடர்வண்டி நொய்ஸ்டாட்டிலிருந்து விஸம்பூர்வரை செல்வதால், நடந்து சென்றோர் வண்டியில் திரும்பலாம்.

காட்டு விடுதிகளும் உணவும்

இக்காட்டில் நூற்றுக்கும் மேற்பட்ட விடுதிகள் உள்ளன. இவற்றுள் பலவற்றைச் சங்கங்களின் உறுப்பினர்கள் ஊதியமின்றி நடத்துகின்றனர். சில விடுதிகள் வார இறுதிகளில் மட்டுமே திறந்திருக்கும். உணவை முகப்பில் தாமே பெற்றுக்கொண்டு நீண்ட மேசைகளில் அறிமுகமற்றவர்களுடன் சேர்ந்து அமர்வது இங்கு இயல்பு. குறைந்த விலை, சங்க உறுப்பினர் அல்லாதோரையும் வரவேற்றல், வயதும் தொழிலும் பாராத கலந்துறவாடல் ஆகியவை இவ்விடுதிகளின் சிறப்புகளாகும். பலாட்டினேட் காட்டு விடுதிப் பண்பாடு 2021 இல் ஜெர்மனியின் தொட்டுணர முடியாத பண்பாட்டு மரபுகளின் பட்டியலில் சேர்க்கப்பட்டது.

மதுவுடன் சோடா நீர் கலந்த ‘ஷோர்லெ’ என்னும் பானம் அரை லிட்டர் கண்ணாடிக் குவளையில் வழங்கப்படுகிறது. ‘டுப்பெகிளாஸ்’ எனப்படும் இக்குவளையின் பக்கங்களில் வட்டக் குழிகள் உள்ளன. கை வழுக்காமல் பிடிக்க இவை உதவுகின்றன. பன்றியின் இரைப்பையில் இறைச்சியும் உருளைக்கிழங்கும் அடைத்து வேகவைக்கும் ‘சௌமாகன்’ வட்டாரத்தின் முதன்மையான உணவாகும். லுட்விக்ஸ்ஹாஃபனில் பிறந்த முன்னாள் ஆட்சித்தலைவர் ஹெல்முட் கோல், மார்கரெட் தாட்சர், மிக்கைல் கொர்பச்சோவ் முதலிய தலைவர்களை டைடஸ்ஹைமுக்கு அழைத்து இவ்வுணவை அளித்தார். புலால் உண்ணாதோருக்கு வெங்காயம் கலந்த வெண்பாலாடைக்கட்டியும் உருளைக்கிழங்கும் கிடைக்கின்றன.

பருவங்கள்

மார்ச் மாதமும் ஏப்ரல் தொடக்கமும் வாதுமை மரங்கள் இளஞ்சிவப்பாகப் பூக்கும் காலமாகும். கிம்மெல்டிங்கன் ஊரில் இதற்கென விழா எடுக்கப்படுகிறது. மே, ஜூன் மாதங்கள் காட்டு நடைக்கு ஏற்றவை. செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் திராட்சை அறுவடையும் கஷ்கொட்டை உதிர்வும் ஒருங்கே நிகழ்வதால் அப்பருவமே மிகவும் விரும்பப்படுகிறது. நொதித்து முடியாத புதுமது அப்போது மட்டுமே கிடைக்கும். 15 ஆம் நூற்றாண்டின் சந்தையிலிருந்து வளர்ந்த பாட் டுர்க்ஹைமின் ‘வுர்ஸ்ட்மார்க்ட்’ விழா செப்டம்பரில் நடைபெறுகிறது. ஆகஸ்டு மாதக் கடைசி ஞாயிறன்று மதுச் சாலை மோட்டார் வண்டிகளுக்கு மூடப்பட்டு, நடப்போருக்கும் மிதிவண்டிகளுக்கும் விடப்படுகிறது.

உரிமைகளும் விதிமுறைகளும்

ஓய்வுக்காகக் காட்டினுள் செல்லும் உரிமையை ஜெர்மனியின் 1975 ஆம் ஆண்டுக் கூட்டாட்சிக் காட்டுச் சட்டம் அனைவருக்கும் அளிக்கிறது. காடு தனியாருக்கு உரியதாயினும் இது பொருந்தும். விறகு பொறுக்கியதற்காக மக்கள் தண்டிக்கப்பட்ட இதே காட்டில் இன்று எவரும் கட்டணமின்றி நடக்கலாம். திராட்சைத் தோட்டங்களின் நிலை வேறு. அவை உழவரின் வாழ்வாதாரமாதலால் கனி முற்றும் காலத்தில் கொடிகளுக்கிடையேயான வழிகள் மூடப்படுவதுண்டு. பழங்களைப் பறிப்பதும் கூடாது. காட்டில் தீ மூட்டுதலும், குறிக்கப்பட்ட இடங்களுக்கு வெளியே கூடாரமிட்டுத் தங்குதலும் தடைசெய்யப்பட்டுள்ளன. பொரி வல்லூறுகள் முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கும் மாதங்களில் சில பாறைகளுக்குச் செல்ல அனுமதி இல்லை.

பாதுகாப்பும் சிக்கல்களும்

1958 இல் இயற்கைப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட இக்காடு, 1992 இல் யுனெஸ்கோவின் உயிர்க்கோளக் காப்பகமாக ஏற்கப்பட்டது. 1998 இல் வடக்கு வோஜ் காப்பகத்துடன் இணைந்து ஐரோப்பிய ஒன்றியத்தின் முதலாவது எல்லை கடந்த உயிர்க்கோளக் காப்பகமாயிற்று. 2016 முதல் 2020 வரை சுவிட்சர்லாந்து, சுலோவாக்கியா ஆகிய நாடுகளிலிருந்து கொண்டுவரப்பட்ட 20 லின்க்ஸ் பூனைகள் இங்கு விடுவிக்கப்பட்டன.

2018 முதல் தொடர்ந்த வறட்சியான கோடைகளால் ஸ்புரூஸ் மரங்களும் பிற மரங்களும் பட்டுப்போயின. காய்ந்த கிளைகள் விழும் ஆபத்தால் பாதைகள் சிலவேளை மூடப்படுகின்றன. தோட்டங்களில் அறுவடை முன்னைய தலைமுறை அறிந்ததைவிட முன்னதாகவே தொடங்குகிறது. பூஞ்சை நோய்க்கு அடிக்கடி மருந்து தெளிப்பதைக் குறைக்க, நோய் தாங்கும் வகைகள் முயலப்படுகின்றன. அவற்றுள் ஒன்றான ரீஜென்ட், இப்பகுதியிலேயே உள்ள கைல்வைலர்ஹோஃப் ஆய்வு நிலையத்தில் 1967 இல் கலப்பினமாக உருவாக்கப்பட்டது. விடுதிகளை நடத்தும் தன்னார்வலர்கள் முதுமையடைய, அவர்களுக்குப் பின் பொறுப்பேற்க இளையோர் போதிய அளவில் முன்வராமையும் சங்கங்கள் எதிர்கொள்ளும் சிக்கலாகும். பாதைக் குறிகளைப் புதுப்பிப்பதும், விழுந்த மரங்களை அகற்றச் செய்வதும், விடுதிகளின் அடுப்பை எரியவைப்பதும் இவர்களே. ஆதலால் இந்நடைப்பயணத்தின் எதிர்காலம் காட்டின் நலத்தைப் போலவே இவர்களின் எண்ணிக்கையையும் சார்ந்துள்ளது.